சாமந்திக்குப் போட்ட இருட்டு

பூத்தொட்டிக்காரருக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. விலை பேசினாலும் நடந்துகொண்டே பேசுவார். சாப்பாட்டில்கூட இரண்டு வாய்க்கு ஒரு தடவை எழுந்து ஜன்னல் வரை போய் வருவார். அவர் தலையில்தான் ஒரு புது ஹோட்டலின் வேலை வந்து விழுந்தது. திறப்பு நாளில் வாசலில் முந்நூறு தொட்டி சாமந்தி விரிந்து நிற்க வேண்டும். நின்றால் வருஷம் முழுக்க ஹோட்டலுக்குச் செடி கொடுப்பது அவர். நிற்காவிட்டால் எதிர்த்தெரு நர்சரிக்காரன்.

கையில் ஒன்பது வாரம். மாதமோ பகல் நீண்டு கிடக்கும் மாதம். சாமந்திக்கு இரவு நீண்டால்தான் மொட்டு வரும். அதுவும் ஒரே மூச்சில் நீள வேண்டும். அதனால் சாயங்காலம் ஐந்துக்கே கொட்டகையைக் கறுப்புத் துணியால் மூடி, காலை எட்டுக்குத் திறந்தார். ஏமாற்று வேலைதான், ஆனால் கலப்படமில்லை.

நாலு வாரம் போயிற்று. இலை கொழுத்தது, மொட்டு மருந்துக்கும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் தம்பி தையல் கடை வைத்திருந்தான். அவனுடைய புது விளக்குப் பலகை மேல் பழி விழுந்தது.

"மாப்ளே, உன் போர்டு வெளிச்சம் துணிக்குள்ள இறங்குது. அஞ்சு மணிக்கு அணைச்சிடு."

"அணைச்சா கடையை மூடிட்டேன்னு நெனைப்பாங்க மாமா."

"திறந்திருக்கும்போதே அப்படித்தான் நெனைக்கிறாங்க."

"அப்போ நாலு சட்டைக்கு அளவு குடுங்க."

"ரெண்டு."

மூன்றில் படிந்தது. அளவெடுக்கும்போது அவர் எக்கி எக்கிக் கொட்டகையைப் பார்த்ததில் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை.

பலகை அணைந்து ஐந்து நாளாகியும் மொட்டைக் காணோம். காலைச் சாப்பாட்டில் மனைவியிடம் புலம்பினார். "நேத்து ராத்திரி பன்னிரண்டு மணிக்குக்கூட ஒவ்வொரு நுனியா பார்த்தேன், ஒண்ணுமில்ல."

"இருட்டுல எப்படிப் பார்த்தீங்க?"

"டார்ச் அடிச்சுதான்."

"தினமுமா?"

"தினம் ஒரு மணி நேரம். முந்நூறு தொட்டியாச்சே."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரே மூச்சா இருட்டு வேணும்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துனது யாருங்க? நடுவுல வெளிச்சம் பட்டா செடிக்கு அது ரெண்டு குட்டி ராத்திரி. தினமும் அதைத் தட்டி எழுப்பிட்டு, என் தம்பி போர்டைப் போய் அணைச்சிருக்கீங்க."

அவர் எழுந்து ஜன்னல் வரை போய் வந்தார்.

அன்று முதல் டார்ச் அவள் பீரோவில், கொட்டகைச் சாவி அவள் இடுப்பில். துணி போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் அவளே. இரவெல்லாம் அவர் துணியோரமாக நடந்தார். பார்க்க முடியாததால் மோந்து பார்த்தார். மூன்று வாரம் கழித்து ஒரு பகலில் அவள் உள்ளே விட்டாள். நுனியெல்லாம் மிளகளவு மொட்டு.

திறப்பு நாள் காலை, லாரியிலிருந்து இறங்கிய முந்நூறும் பச்சைதான். மொட்டு வாயில் மஞ்சள் கீற்று, அவ்வளவே.

"பூ எங்கே?" என்றார் ஹோட்டல் மேனேஜர்.

விரிந்த பூவைவிட மொட்டுக்குத்தான் ஆயுசு கெட்டி என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டைவரை வந்தது. ஏனோ வேறொன்று வெளியே விழுந்தது. "நான்தான் சார் கெடுத்தேன். பொறுக்க முடியாம ராத்திரி ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன்."

மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "விரிய எத்தனை நாளாகும்?"

"பத்து."

"வாசலுக்கு நான் வேற பார்த்துக்கிறேன். இதைப் பின்முற்றத்துல அடுக்குங்க. பத்து நாள்ல முந்நூறும் விரிஞ்சா வருஷத்துப் பேச்சைப் பேசலாம். இல்லேன்னா நர்சரிக்காரரைக் கூப்பிட்டுக்கிறேன்."

"நடுவுல நான் வந்து ஒரு பார்வை..."

"வரமாட்டார் சார்," என்றாள் லாரியில் கூடவே வந்திருந்த மனைவி.

இருவரும் ஏறிய லாரி தெருமுனை திரும்பும் முன்பே, இறங்கிவிட அவர் கை கதவுக்குப் போயிற்று. "முற்றத்துல ராத்திரி விளக்கு எரியுமான்னு கேக்கலையே."

"நிறம் கண்ட மொட்டு இனி எந்த விளக்குக்கும் பயப்படாது. உக்காருங்க" என்று, அவரைத் தாண்டிக் கை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.