கெர்னோட் போட்ட பேச்சுத் தடை

பீலஃபெல்டு நகராட்சியில் நாய் வரி மேசைக்குப் பின்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரும் கெர்னோட்டுக்கு, வீட்டில் ஆறு குடிமக்கள் இருந்தார்கள். இணையத்தில் டாங்கிச் சண்டை ஆடும் அவருடைய விளையாட்டுக் குழு. ஆடும்போது அவர்கள் மைக்கில் பேசிக்கொள்ளும் சர்வர் கணினி அவருடைய அலமாரியில், காலுறைகளுக்குப் பக்கத்தில் ஓடியது. திறந்த மூல மென்பொருள். "இங்க முதலாளியே கிடையாது, எல்லாரும் சமம்" என்று புதிதாகச் சேர்பவர்களிடம் சொல்வார். சொன்ன கையோடு பதினான்கு பக்க விதிமுறையை அனுப்புவார்.

அதை முழுதாகப் படித்த ஒரே பிறவி வீப்கே. ஞாயிறு மதியம் ஆட்டம். தோற்றால் குழு கீழ்ப் பிரிவுக்குப் போகும்.

"இந்த ஒரு ஆட்டத்துல நான் உத்தரவு குடுக்குறேன், கெர்னோட். மூணு ஆட்டமா உன் பேச்சக் கேட்டு ஆத்துல போய் விழுந்தோம்."

"அது உத்தி, வீப்கே."

"டாங்கி முங்குறது உத்தியா?"

குழுவில் இன்னொருவனான ஹென்னிங் சிரித்துத் தொலைத்தான்.

"விதி ஒன்பது. நிகழ்ச்சி நிரல்ல இல்லாத பேச்சு" என்ற கெர்னோட், திரையில் வீப்கேயின் பெயரை இழுத்து, விதி மீறுவோருக்கென்று சர்வரில் வைத்திருந்த 'சிந்தனை அறை'யில் போட்டார். பிறகு முக்கிய அறைக்குப் புது விதி எழுதினார். யாருக்கு: எல்லோருக்கும். எது: பேச்சு. மறுக்கப்படுகிறது. சேமித்துவிட்டு, ஆட்டத்தைத் திரை முழுக்க விரித்து அறைப் பட்டியலை மறைத்துக்கொண்டு, மைக்கில் முழங்கத் தொடங்கினார்.

ஒரு சத்தமும் வெளியே வரவில்லை.

ஹென்னிங் சிந்தனை அறைக்கு நழுவினான். அங்கே புது விதி செல்லாது. தண்டனை பெற்றவர் மன்னிப்புக் கேட்கவாவது வாய் வேண்டுமே.

"தலைவர் ஏன் வாயே தொறக்கல?"

"தொறந்துதான் இருப்பான், நமக்குக் கேக்கல. எல்லோருக்கும் தடை போட்டிருக்கான். அந்த எல்லோர்ல தானும் ஒருத்தன்னு அவனுக்குத் தோணல."

"சொல்லிடவா?"

"சொன்னே, உன் டாங்கிய நானே சுடுவேன். மத்தவங்களையும் கூட்டிட்டு வா."

ஆட்டம் தொடங்கியது. வீப்கே சொன்னாள், ஐந்து பேர் கேட்டார்கள். கெர்னோட்டின் டாங்கி மட்டும் மூன்றாவது நிமிடத்தில் ஆற்றுக்குள் இறங்கியது. மீதி நேரம் முழுக்க அவர் தண்ணீருக்கடியில் இருந்தபடியே படை நடத்தினார். குழு வென்றது.

மாலையில் எல்லோருக்கும் அவருடைய கூட்டக் குறிப்பு வந்தது: 'நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக என் உத்தரவுகளுக்குக் குறுக்கே ஒருவரும் பேசவில்லை. பலன் கண்கூடு. புதிய விதியை நிரந்தரமாக்க வாக்கெடுப்பு.'

"என்ன பண்றது?" என்று ஹென்னிங் தனியே கேட்டான்.

"கண்ண மூடிட்டு ஆதரவுன்னு போடு" என்றாள் வீப்கே. அவள் முன்பே போட்டிருந்தாள்.