நோவு கொழுவும் கொளுக்கி

1958ஆம் ஆண்டு ஆனி மாதம், கரம்பொன் கூட்டுறவுச் சங்கக்கடைத் தராசில் நிறுத்தபோது ஞானசவுந்தரியின் தோள்நோவு ஏழு இறாத்தல் இருந்தது. ஆளின் நிறை தெரிந்தால்தான் மருந்து தரலாம் என்று டொக்டர் சொன்னதால், அவள் காலையில் அரிசி மூட்டைத் தராசில் ஏறி நிறை பார்த்தாள். மனேச்சர் வல்லிபுரம் எழுதிக் கொடுத்த துண்டை வழியில் தொலைத்துவிட்டு, நோவு உச்சத்தில் நின்ற மத்தியானம், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து மறுபடி ஏறினாள். ஏழு இறாத்தல் கூடியிருந்தது. தன் படிக்கற்களுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்று வல்லிபுரம் பதறிப்போய்ச் செத்தல் மிளகாயை நிறுத்துப் பார்த்தார். மிளகாய் சரியாகவே இருந்தது. அதன் பிறகு ஊரில் மிளகாய் விலையோடு சவுந்தரியின் நோவின் நிறையையும் சேர்த்துச் சொன்னார்கள்.

ஞானசவுந்தரி படம் எடுப்பவள். ஊர்காவற்துறைச் சந்திக்குக் கிட்ட, தகப்பன் வலை அடுக்கி வைத்திருந்த முன்னறையைக் கழுவி வெள்ளையடித்து, பினாங்கிலிருந்து வந்த பழைய பெட்டிக் கமராவை அதில் நிறுத்தியிருந்தாள். ஆம்பிளைகள் முன்னால் தலை நிமிராத பெண்கள் கரம்பொன்னிலிருந்தும் வேலணையிலிருந்தும் அவளைத் தேடி வந்தார்கள். அவளுக்கு அந்த அறைதான் உலகம். முப்பது தாண்டியதும் மூட்டுவாதம் பிடித்தது. தோள் மேலே எழும்ப மறுத்தது, குனிய முடியவில்லை, படம் பிடிக்க அமுக்கும் ரப்பர் பந்துக்கு மணிக்கட்டில் பெலன் இல்லை. தங்கையின் புருசன் லியோன் அந்த அறையில் கயிற்றுக்கடை போட ஆசைப்பட்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. ஆனால் அளவு நாடாவோடுதான் வந்தான்.

"மச்சாள், உங்களுக்கு இனி ஏலாது. ஏன் உடம்பைப் போட்டு வதைக்கிறியள்?"

"எனக்குத்தானே ஏலாது? கமராவுக்குக் கையும் காலும் முளைக்கட்டும், பாப்பம்" என்றாள் அவள்.

முளைக்க வைத்தவர் குருசுமுத்து. துறையில் வள்ளங்களுக்குப் பாய்மரம் பொருத்துகிறவர். அவள் சொல்லச் சொல்லக் கதிரைக்குச் சில்லுப் பூட்டினார். குனியாமல் பார்க்கக் கமராவின் முதுகில் கண்ணாடி சரித்து வைத்தார். ரப்பர் பந்தை அவளது குதிக்காலுக்குக் கீழே கொண்டுபோனார். கூரையின் வளைமரத்தில் பாய் ஏற்றும் கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு முனையில் கமராவையும் மறுமுனையில் மணல் மூட்டையையும் கட்டித் தொங்கவிட்டார். மணல் சரிவரவில்லை. அது வெறும் மண். குழந்தைக்கு இறக்கவும் நெட்டையனுக்கு ஏற்றவும் ஒவ்வொரு முறையும் தோளால் தள்ள வேண்டியிருந்தது. அந்தத் தோள் இருந்தால் குருசுமுத்துவை ஏன் கூப்பிடுகிறாள்? அவர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வெகுநேரம் வளையைப் பார்த்தார். காற்றில் வள்ளம் சரியும்போது ஆட்கள் எதிர்ப்பக்கம் ஏறி உட்காருவது அவருக்கு நித்திய வேலை.

"வள்ளத்துக்குள்ளை கிடக்கிற பாரத்தை நாங்கள் எறியிறேல்லைப் பிள்ளை. எதிர்ப்பக்கம் மாத்தி வைப்பம். உம்மட்டை ஏழு இறாத்தல் சும்மா கிடக்கு."

"அப்ப மணலைக் கொட்டுங்கோ அண்ணை" என்றாள் ஞானசவுந்தரி.

பித்தளையில் ஒரு கொளுக்கி செய்து கயிற்று முனையில் மாட்டினார்கள். அவள் தோளை அதில் சாய்த்தாள். நோவு கழன்று போய்த் தொங்கியது, கயிறு விறைத்தது, கமரா எழும்பியது. நோவுக்கு உயிர் இருந்ததால் சொன்னது விளங்கியது. மேலே என்று நினைத்தால் மேலே, கீழே என்றால் கீழே. ஒரேயொரு கரைச்சல்: யாருடைய நோவோ அவருடைய முகத்தைப் பார்க்கவே கமரா திரும்பும். "பொறு, எனக்கு வேலை கிடக்கு" என்று அவள் அதட்டி நிறுத்துவாள். பின்னேரமானால் நோவைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் மறந்துபோய் விட்டுவிட்டதில், கொளுக்கிக்குக் கீழே படுத்திருந்த கோழி நத்தார்ப் பண்டிகை வரைக்கும் நொண்டியது. லியோன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்தில் கடை போட்டான். கமராவுக்கு அவ்வப்போது கயிறும் அவனே விற்றான்.

கலியாணங்கள், மாதா கோயில் முதல்நன்மைகள், கப்பலேறிப் போனவர்களுக்கு அனுப்பும் பிள்ளைப் படங்கள் என்று பதினாலு வருசம் ஓடியது. 1972இல் எல்லாருக்கும் அடையாள அட்டை, அதற்குப் படம் என்று சட்டம் வந்தது. அதே வருசம் புதிய ஊசி ஒன்றும் வந்து, ஞானசவுந்தரியின் நோவு ஒரு இறாத்தலாக இறங்கியது. அவள் சந்தோசத்தில் அழுதாள். அந்த நோவைத் தேடினாள் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் இறுகிய தோள் இளகவில்லை, ஒரு இறாத்தல் பாரம் போதாமல் கமரா நிலத்தில் குந்திவிட்டது. வெளியே வேலி வரைக்கும் பெண்கள் நின்றார்கள். லியோனின் சட்டைப் பையில் நாடா துருத்திக்கொண்டு தெரிந்தது.

வரிசையில் முதல் ஆள் வேலணைப் பரிமளம். காய்ந்த பனங்கிழங்கு ஒடியலை இடித்து இடித்து முதுகு வளைந்த மனிசி.

"என்ர நாரிநோவைக் கொழுவிப் பாருங்கோ அக்கா."

"உம்மட நோவிலை நான் வேலை செய்யிறதோ? வேண்டாம்."

"கொஞ்ச நேரம் இறக்கி வைக்கத்தானே கேக்கிறன்" என்றாள் பரிமளம். ஞானசவுந்தரி கதிரையை உருட்டி வழி விட்டாள்.

கொழுவினார்கள். வளை கிரீச்சிட்டது. கமரா எழும்பி, தானாகவே பரிமளத்தின் முகத்துக்கு நேரே போய் நின்றது. பிறகு நோவுள்ளவர்கள் வரிசையில் முன்னுக்கு விடப்பட்டார்கள். வரிசை அப்படியேதான் இருந்தது.

படங்களில் ஒப்பம் வைக்க வேண்டிய ஊர் அதிகாரி, விதானையார் மார்க்கண்டு பேனையை மூடி வைத்தார். "இது பரிமளம் இல்லை. இந்த முகத்தை நான் கண்டதில்லை."

"இதுதான் ஐயா என்ர முகம்" என்றாள் பரிமளம். "நீங்கள் இவ்வளவு காலமும் கண்டது நோவின்ர முகம்."

மார்க்கண்டு பேனையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். பின்னேரம் தன் கழுத்துநோவோடு வந்து கதிரையில் இருந்தார். தன் படத்தைப் பார்த்த பிறகு எல்லாவற்றிலும் ஒப்பம் வைத்தார்.

"எல்லாற்றை படமும் வந்திட்டுது, பிள்ளை. உம்மடது எங்கை?" என்று மட்டும் ஞானசவுந்தரியைக் கேட்டார்.

மறுவருசம் ஊசி வேலை செய்யாமல் போய், நோவு பழைய நிறைக்குத் திரும்பியது. ஞானசவுந்தரி இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஊசியையும் உலகத்தையும் திட்டினாள். மூன்றாம் நாள் சில்லுக்கதிரையைக் கமராவுக்கு முன்னால் உருட்டிவந்து நோவைக் கொழுவினாள். கமரா அவள் பக்கம் திரும்பியது. இந்தமுறை அவள் பொறு என்று சொல்லவில்லை. குதிக்காலை அமுக்கினாள். கழுவிய படத்தை ஈரத்தோடு நெடுநேரம் பார்த்தாள். "ஓம், நான்தான்" என்றாள்.

1981இல் அந்த அறையில் ஒன்பது கொளுக்கிகள் இருந்தன, குடை கொழுவும் ஆணிகளுக்குப் பக்கத்தில். படம் தேவையில்லாதவர்களும் வந்து கொழுவிவிட்டுச் சற்று நேரம் இருந்து போனார்கள். லியோன் தினமும் வந்தான்.

"நோவை விட்டிட்டுப் போகாதேங்கோ" என்று ஞானசவுந்தரி உள்ளேயிருந்து கூப்பிடுவாள். "கீழை கோழி நிக்குது."