தனியாகப் படிப்பது

சன்னலோரக் கணினி திடீரென்று பேச ஆரம்பித்தபோது, கல்லூரி நூலகர் ஸ்டெல்லா புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். யாரோ விசைப்பலகையில் எதையோ தட்டிவிட்டிருந்தார்கள். மூக்கடைத்தவன் பேசுவது போன்ற குரலில், திரையில் இருந்ததையெல்லாம் அது ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போனது. மாணவர்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா ஓடிவந்து ஒலியைக் குறைக்கப் பார்த்தாள், வழி தெரியவில்லை. சுவரில் இருந்த சுவிட்சில் கை வைத்தாள்.

"மேடம், நிறுத்தாதீங்க."

சாகிராதான். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தாள்.

சாகிரா வரலாறு இரண்டாம் ஆண்டு. எட்டாம் வகுப்பில் வந்த காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. அதன் பிறகு அவள் படித்ததெல்லாம் அடுத்தவர் வாய் வழியாகத்தான். வல்லத்திலிருந்து வந்துகொண்டிருந்த மகாலட்சுமி, இரண்டு வருடம் மூத்தவள், மதிய வேளைகளில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாள். அவள் படிப்பு முடிந்து சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டாள். வேறு பெண்கள் சில நாள் வாசித்தார்கள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார்கள். சாகிராவிடம் இருந்தது பட்டன் போன். அதில் எதுவும் ஆகாது. படிப்பை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்து, நூலக அட்டையைத் திருப்பிக் கொடுக்கத்தான் அன்று வந்திருந்தாள்.

அந்தக் கணினிகள் பழையவை. திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கணினித் துறை ஆசிரியர் குரு, கோடை விடுமுறையில் வந்து எல்லாவற்றிலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். காசு கொடுத்து வாங்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து திருத்திக்கொள்ளலாம் என்று ஸ்டெல்லாவிடம் பெருமையாகச் சொன்னார். வேகம் வந்தது, மாணவர்கள்தான் வரவில்லை. "பிரவுசிங் சென்டர்ல இருக்குற மாதிரி இல்லியே மேடம்" என்று நழுவினார்கள். முதல்வரும் பொறுமையிழந்து, இந்த மாதத்தோடு எல்லாவற்றையும் கிடங்கில் போட்டுப் பூட்டச் சொல்லியிருந்தார்.

ஸ்டெல்லா கூப்பிட்டனுப்பியதும் குரு வந்தார். பேசும் கணினியைப் பார்த்துவிட்டுச் சாகிராவைப் பார்த்தார்.

"பார்வை இல்லாதவங்களுக்குன்னு இத உள்ளயே வெச்சிருக்காங்க. நான் கவனிக்கவே இல்ல."

"தமிழ் படிக்குமா சார்?"

"பாக்கலாம்மா."

கொஞ்ச நேரம் தேடி ஒரு தமிழ்க் குரலைப் பிடித்தார். வரலாற்றுப் பாடம் ஒன்றைத் திறந்தார். குரல் தடதடவென்று ஓடியது. சாகிரா தலையைக் குனிந்து கேட்டாள். வேகத்தைக் குறைத்தார். பிறகு சோதித்துப் பார்க்கத் தன் பெயரைத் தட்டினார். சாகிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், குருடுன்னு சொல்வாங்கல்ல, அதுல வர்ற குரு மாதிரி சொல்லுது உங்க பேர."

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். சாகிரா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக் குருவும் சிரித்தார்.

"திருத்தலாம். இன்னா தப்புன்னு இத செஞ்சவங்களுக்கு எழுதி அனுப்புனா, சரி பாத்து சேத்துக்குவாங்க."

"நான் அனுப்பலாமா?"

"யார் வேணா அனுப்பலாம்."

சாகிரா அட்டையைக் கொடுக்கவில்லை.

சுட்டியை ஒதுக்கிவிட்டு விசைகளால் மட்டுமே ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதலில் ஒரு பக்கத்தைக் கடக்கவே மதியம் போய்விடும். கோபத்தில் மேசையைக் குத்துவாள். மின்சாரம் போனால் இருந்த இடம் தொலைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தேடுவாள். பஸ், பேங்க், குரு என்று தப்பாக ஒலித்த சொற்களைச் சேர்த்து, குருவின் உதவியோடு அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை.

மாதக் கடைசியில் முதல்வர் வந்தார். ஸ்டெல்லா அவரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். அன்று பேசினாள்.

"இத எடுத்துட்டா அந்தப் பொண்ணு நின்னுடும் சார். இத்தினி நாள் நாமதான் அவளுக்கு ஒண்ணும் செய்யல."

முதல்வர் சாகிராவின் பின்னால் போய் நின்றார். ஹெட்போன் மாட்டியிருந்த அவளுக்கு அவர் வந்தது தெரியாது. விரல்கள் ஓடுவதை வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வருஷம் இருக்கட்டும்" என்றார். "அப்பறம் பாக்கலாம்."

அடுத்து வந்த அமாவாசையன்று மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்தது. நூலகத்துக்கு வந்தவர்கள் குறைவு. எதிரே தெரிந்த ராஜகிரி மலையின் பாறைகளில் வெயில் வெள்ளையாக அடித்தது. சன்னலோரத்தில் சாகிரா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று முகம் சிவந்து, உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். பாடப் புத்தகத்துக்கு யாருக்கும் அப்படி ஆகாது.

என்ன படிக்கிறாள் என்று கேட்கப் பாதி எழுந்த ஸ்டெல்லா நின்றுவிட்டாள். இத்தனை வருடம் சாகிரா படித்ததெல்லாம் வாசித்துக் காட்டியவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஸ்டெல்லா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அங்கே சாகிராவின் விரல் மேல்நோக்கிய அம்பு விசையைத் தேடி அழுத்தியது. ஒரு வரி பின்னால் போனாள். மறுபடி கேட்டாள். மறுபடி அழுத்தினாள்.