பெட்டியில் எழுதியபடி

விளையாட்டுப் பொருள்கள் செய்யும் நிறுவனத்தில் அவளுக்கு வாய்த்த வேலை, பெட்டிகளின் மேல் வாசகம் எழுதுவது. 'நினைவாற்றலை வளர்க்கும்', 'எண்ணறிவுக்கு அடித்தளம் இடும்', 'விரல்களைப் பழக்கும்', 'நான்கு வயதுக்கு மேல்' என்றெல்லாம் பெட்டிகள் பேசின அல்லவா, அந்தப் பேச்சு முழுவதும் அவளுடையது. பதினோரு ஆண்டுகளாக எழுதுகிறாள். வேண்டாத ஒரு சொல்லோ இடம் மாறிய ஒரு காற்புள்ளியோ அவள் மேசையைத் தாண்டி அச்சுக்குப் போனதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பெட்டியம்மா என்றே கூப்பிட்டார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. இரண்டையும் அவள் மரியாதையாகவே எடுத்துக்கொண்டாள்.

வினை என்னவென்றால், தான் எழுதியதைத் தானே நம்பினாள்.

வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. அதில் வயது வரிசைப்படி, பிறகு பயன் வரிசைப்படி, பதினேழு பெட்டிகள். எல்லாம் ஐந்து வயது மகள் சிட்டுவுக்காக. பெட்டியில் எழுதியபடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு திறமையை வளர்த்திருந்தால், சிட்டு இந்நேரம் நாட்டையே ஆளத் தகுதி பெற்றிருப்பாள்.

ஆனால் பள்ளியிலிருந்து வந்திருந்த கடிதம் வேறு கதை சொன்னது. பாலர் வகுப்பு முடியப் போகிறது. முதல் வகுப்புக்கு ஏற வேண்டுமானால், பிள்ளை ஆசிரியை முன்னால் உட்கார்ந்து பத்துப் பொருள்களை எண்ணிக் காட்ட வேண்டும். சிட்டு போன முறை வாயையே திறக்கவில்லை. இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு நாள் கழித்து. அதிலும் எண்ணாவிட்டால் இதே வகுப்பில் இன்னும் ஓராண்டு.

பெட்டியம்மாவுக்கு ஆறாத எரிச்சல் எங்கே என்றால், சிட்டு வீட்டில் பத்தையும் பிழையில்லாமல் எண்ணினாள். ஒரு நாள் கூடத் தவறியதில்லை.

"நேத்துகூட பத்தையும் சரியா எடுத்துக் காட்டினா. தலைகீழாவும் காட்டினா. பள்ளிக்கூடத்துல எப்படிக் கேக்கறாங்களோ, யாருக்குத் தெரியும்?" என்று பாத்திரத்தை 'ணங்'கென்று வைத்தாள்.

"குழந்தைக்குக் கூச்சம்" என்றான் கணவன். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். நாள் முழுவதும் லிஃப்ட்டின் இருட்டுக் குழியில் கம்பிவடத்தோடு மல்லாடிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் எதுவுமே பெரிய பழுதாகத் தெரிவதில்லை. "தானா சரியாயிடும்."

"லிஃப்டு தானா சரியாகுமா?"

"அதுக்கு நான் போகணும்."

"அதத்தான் சொல்றேன்."

உள் அறையிலிருந்து தலை துவட்டிக்கொண்டே வந்த நாத்தனார் அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணி, நான் வேலைக்குப் போற வீடுங்கள்ல பொம்மைன்னா பொம்மை மாதிரி இருக்கும். இங்க எந்தப் பொம்மையப் பாத்தாலும் பரீட்சை எழுதணும் போல இருக்கு. எனக்கே பயமா இருக்கு, அதுக்கு இருக்காதா?"

"உனக்குப் பிள்ளை பிறக்கட்டும், அப்ப பேசு."

"பிறந்தா உங்க அலமாரிப் பக்கம் விடவே மாட்டேன்."

அன்று மாலையும் வழக்கம் போல எண் ஏணி இறங்கியது. ஒன்றைவிட ஒன்று உயரமான பத்து மரக்கட்டைகள். வரிசையாக அடுக்கினால் படிபோல் எழும்பும். 'தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலைத் தரும்' என்று பெட்டியில் எழுதியிருந்தது. எழுதியவள் எதிரே உட்கார்ந்தாள்.

"நாலு எங்க, சிட்டு?"

சிட்டுவின் கை கட்டைகளுக்கு மேலே மெல்ல நகர்ந்தது. ஆறின் மேல் நின்றது, நகர்ந்தது. ஐந்தின் மேல் நின்றது, நகர்ந்தது. நாலின் மேல் நின்றதும் பட்டென்று எடுத்தாள்.

"பாத்தீங்களா!" என்று பெட்டியம்மா கூடத்தைப் பார்த்துச் சொன்னாள். கூடத்தில் மறுத்துப் பேச ஒருவரும் இல்லை.

அலுவலகத்தில் மாதம் ஒரு முறை சோதனை மேசை உண்டு. புதிதாகச் செய்த பொருளை நாலைந்து குழந்தைகளின் முன்னால் வைத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுவார்கள். அதற்கான விதிகளை எழுதியவளும் பெட்டியம்மாதான். பார்ப்பவர் பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. தலையசைக்கக் கூடாது. முகத்தில் சரி என்றோ தவறு என்றோ ஒரு நிழல்கூட விழக் கூடாது. சொந்தப் பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது.

இந்த மாதம் வரவேண்டிய குழந்தைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல்.

"உங்க பொண்ண கூட்டிட்டு வாங்க, பெட்டியம்மா" என்றார் மேலாளர்.

"சொந்தப் பிள்ளை கூடாதுன்னு விதி இருக்கு சார்."

"யார் எழுதின விதி?"

"நான்தான்."

"அப்ப உங்ககிட்டயே அனுமதி கேளுங்க. நாலு பேர் இல்லாம அறிக்கை போகாது. நாளைக்குப் பத்து மணி."

மறுநாள் சிட்டு அந்தச் சிறிய நாற்காலியில் அமர்ந்தாள். எதிரே, மற்ற பிள்ளைகளுக்கு எப்படி உட்கார்வாளோ அப்படியே, முதுகை நிமிர்த்திப் படிவத்தை மடியில் வைத்து, பெட்டியம்மா உட்கார்ந்தாள். புதிய பொருள் ஒரு தராசு. இரு தட்டிலும் மரப் பழங்களை வைத்துச் சமன் செய்ய வேண்டும்.

பக்கத்து மேசைப் பையன் எல்லாப் பழங்களையும் ஒரே தட்டில் கொட்டி, தட்டு 'டமார்' என்று விழுந்ததும் விழுந்து விழுந்து சிரித்தான். மீண்டும் கொட்டினான். மீண்டும் சிரித்தான்.

சிட்டு ஒரு பழத்தை எடுத்தாள். தட்டின் மேல் தூக்கிப் பிடித்தாள். வைக்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

அம்மாவின் முகம் சுவராக இருந்தது.

சிட்டு கையை மறு தட்டின் மேல் கொண்டுபோனாள். அம்மாவைப் பார்த்தாள். திரும்ப இந்தத் தட்டு. திரும்ப அம்மா. பழத்தைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதைத் தூக்கிக்கொண்டும் அம்மாவைத்தான் பார்த்தாள். தராசை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: 'குழந்தை பார்ப்பவரின் முகத்தை எத்தனை முறை நோக்கியது?' வழக்கமாக அதில் இரண்டு என்றோ மூன்று என்றோ வரும். பெட்டியம்மா கோடு போட்டுக்கொண்டே வந்தாள். பத்து நிமிடத்தில் முப்பத்தொரு கோடுகள். தட்டில் வைத்த பழம் ஒன்றுமில்லை.

முப்பத்தொன்றாவது கோட்டைப் போடும்போது அவளுக்கு எண் ஏணியின் மேல் நகர்ந்த கை நினைவுக்கு வந்தது. ஆறின் மேல் நிற்கும். அப்போது தன் புருவம் என்ன செய்தது? நாலின் மேல் வந்ததும் தன் உதடு என்ன செய்தது? ஓராண்டாக அவள் எதிரே உட்கார்ந்து கற்றுக்கொடுத்தது எண் அல்ல. பிள்ளைக்குப் பத்துக் கட்டைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அம்மாவின் முகத்தை மட்டும் அது கரைத்துக் குடித்திருந்தது.

"இந்தப் படிவம் செல்லாது" என்று மேலாளர் அதை ஒதுக்கினார். "குழந்தை விளையாடவே இல்லியே."

"செல்லாதுன்னு எனக்கும் தெரியுது சார்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அன்று மாலை, ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்ள, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு கேட்டாள். "சிட்டு, ஏழு கட்டை எடு."

வெகு நேரம் கழித்துத் தாளின் மேல்விளிம்பை ஒரு சின்ன விரல் பிடித்துக் கீழே இழுத்தது. இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

"எடுடி!"

"நீ தெரியல" என்றாள் சிட்டு.

அந்தக் கணத்தில் பெட்டியம்மாவுக்குப் பிள்ளை மேல் வந்த கோபம் நியாயமற்றது என்று அவளுக்கே தெரிந்தது, தெரிந்தும் வந்தது. எத்தனை மாலைகள்! எத்தனை பெட்டிகள்! அத்தனையும் விழலுக்கு இறைத்த நீர்.

அதன் பிறகு இருந்த ஒன்பது நாளும் வீடு போர்க்களம். முகத்தைக் காட்டாமல் கேட்டால் சிட்டு அழுதாள். அடுக்களையிலிருந்து கேட்டால் ஓடிவந்து முகத்துக்கு நேராக நின்றாள். கணவனை எதிரே உட்கார வைத்தால், அவன் ஐந்து கட்டை போவதற்குள் கொட்டாவி விட்டான். சிட்டு அந்தக் கொட்டாவியை 'தவறு' என்று எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கலைத்தாள்.

"வாய மூடிட்டு உக்காரத் தெரியாதா உங்களுக்கு?"

"கொட்டாவிக்கு விதி எழுதலியே நீ" என்றான் அவன்.

நாத்தனார் குறுக்கே வந்தாள். "அண்ணி, முந்தி ஒரு வருஷமா மூஞ்சியக் காட்டிப் பழக்குனீங்க. இப்ப ஒரு வாரமா மூஞ்சிய மறைச்சுப் பழக்குறீங்க. அது என்னதான் செய்யும்? சும்மா விடுங்களேன்."

"சும்மா விட்டா யார் எண்ணுவா? நீயா?"

"என்ன யாரும் எதிர்ல உக்காந்து பழக்கல. நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் குறைஞ்சு போகல."

ஏழாம் நாள், சிட்டு மூன்று வரை அவளாகவே எண்ணினாள். எட்டாம் நாள் ஐந்து. ஒன்பதாம் நாள் கட்டையைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது. அத்துடன் நாள்கள் தீர்ந்தன.

பள்ளியில் தாழ்வாரம் நெடுக நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒரு தாய், ஒரு தகப்பன், நடுவே வாரிச் சீவிய ஒரு பிள்ளை. அவர்கள் முறை வந்தது. ஆசிரியை நல்லவர்தான், குரலை உயர்த்தத் தெரியாதவர். மேசையில் ஒரு கிண்ணம் நிறையப் பொத்தான்கள்.

"போன தடவை ரொம்பப் பயந்துட்டா" என்றார். "அதனால இந்தத் தடவை நீங்களும் கூட உக்காரலாம், அம்மா. கூச்சப்படற பிள்ளைங்களுக்கு அப்படி அனுமதி உண்டு. எதிர்ல நாற்காலி போட்டிருக்கேன்."

கணவன் முழங்கையால் இடித்தான். "உக்காரு."

நாற்காலி போட்டிருந்த இடத்தைப் பெட்டியம்மா பார்த்தாள். சிட்டுவுக்கு நேர் எதிரே, ஒரு முழத் தொலைவில். அவள் அங்கே உட்கார்ந்தால் போதும். வாய் திறக்க வேண்டாம், தலையசைக்க வேண்டாம். பத்துப் பொத்தானும் பிசகாமல் எண்ணப்படும். முதல் வகுப்பு கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. சிட்டு நாற்காலியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நான் வெளியில இருக்கேன், டீச்சர்" என்றாள் பெட்டியம்மா. "இவரும் வெளியில வந்துடுவார்."

"அம்மா!" என்று சிட்டு அலறினாள்.

கதவு மூடியது. தாழ்வாரத்தில் கணவன் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். இத்தனை ஆண்டுகளில் அவன் குரல் அப்படிக் கட்டையாகி அவள் கேட்டதில்லை.

"பைத்தியமா உனக்கு? அவங்களே உக்காரச் சொல்றாங்க."

"உக்காந்தா எண்ணுவா."

"எண்ணட்டுமே! அதுக்குத்தானே வந்தோம்?"

"அவ எண்ண மாட்டா. நான்தான் எண்ணுவேன். முதல் வகுப்புல எதிர்ல யார் உக்காருவா? உங்க தங்கச்சியா?"

"அத அப்பப் பாத்துக்கலாம்."

"எல்லாத்தையும் அப்பப் பாத்துக்கலாம்னுதான் நீங்க இருப்பீங்க. அப்ப வந்தா நான்தான் பாக்கணும்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளேயிருந்து முதலில் அழுகை கேட்டது. பெட்டியம்மா கதவின் பிடியில் கை வைத்தாள்; எடுத்தாள்; மீண்டும் வைத்தாள். அழுகை விக்கலாயிற்று. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மரத்தின் மேல் பொத்தான் விழும் ஓசை: டக். வெகு நேரம் சென்று இன்னொரு டக்.

ஆசிரியை கதவைத் திறந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது.

"பேசினா" என்றார். "அது பெரிய விஷயம். ஆறு வரைக்கும் சரியா எண்ணினா. அப்புறம் எட்டு. அப்புறம் ஒன்பது. அப்புறம் திரும்ப நாலு."

"ஏழ விட்டுட்டாளா?"

"விட்டுட்டா. பத்தும் எண்ணினாத்தான் ஏத்தி விடலாம், அம்மா. நான் எழுதின விதி இல்ல. இங்க கையெழுத்துப் போடணும்; அடுத்த வருஷமும் இதே வகுப்புலதான்."

யாருமே எழுதாத விதிகளின் மேல் ஒரு கணம் பெட்டியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தான் எதிரே உட்கார்ந்திருந்தால் இந்தத் தாளே இருந்திருக்காது. ஒரு முழத் தொலைவு. பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

சிட்டு வெளியே வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் எழுதியிருந்ததை ஒரு நொடியில் படித்துவிட்டாள்.

"தப்பா?"

"ஆமா. தப்பு."

"எது?"

"ஏழ விட்டுட்ட."

சிட்டு புருவத்தைச் சுருக்கினாள். பிறகு அம்மாவை விட்டுவிட்டு ஆசிரியை பக்கம் திரும்பினாள். "நான் திரும்ப எண்ணுறேன். அந்தக் கிண்ணத்தக் குடுங்க."

பெட்டியம்மா தலை நிமிர்ந்தாள். இந்தப் பிள்ளை தானாக ஒரு பொருளைக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

"டீச்சர், ஒரே ஒரு தடவை. நாங்க இங்கயே நிக்கறோம். உள்ள வரல."

"முடியாதும்மா. பாருங்க, எவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க. நீங்க கையெழுத்தும் போட்டாச்சு." அவர் மனம் வருந்தித்தான் சொன்னார், சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையை உள்ளே அழைத்துக்கொண்டார். கதவு மூடியது.

"கிண்ணம் உள்ள போயிடுச்சு" என்றாள் சிட்டு. "நான் எப்ப எண்ணுறது?"

"அடுத்த வருஷம்."

"அது எவ்வளவு நேரம்?"

"இதோ, சீக்கிரம் வந்துடும்டா கண்ணு" என்றான் கணவன், அவளைத் தூக்கிக்கொண்டே.

"வராது" என்றாள் பெட்டியம்மா. "நிறைய நாள் இருக்கு."