பதினேழாவது போல்ட்

பதினான்கு, பதினைந்து, விரல் நகர்கிறது, முகத்துக்கு ஒரு முழம் மேலே பெரிய பிக்கப் வண்டியின் கியர்பாக்ஸ் சூடாகத் தொங்குகிறது, அதன் அடியில் இருக்கும் எண்ணெய்த் தட்டின் ஓரம் பிடித்து போல்ட்டுகளைத் தடவித் தடவி எண்ணிக்கொண்டு போகிறேன், நிஸ்வா மலையடிவாரத்துப் பட்டறை, வெயிலில் தகரக் கூரை சடசடக்கிறது, ஓமானுக்கு வந்து ஒன்பது வருஷம், அந்த வண்டியில் ஒரே வருஷத்தில் இரண்டு வகை கியர்பாக்ஸ் போட்டு அனுப்பியிருந்தார்கள், பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஒன்றுக்கு ஊற்றுகிற எண்ணெய் மற்றதற்கு விஷம், தட்டில் பதினேழு போல்ட் என்றால் பழைய வகை, இருபது என்றால் புதுசு, அதுதான் என் கணக்கு, பதினாறு, பதினேழு, நிறுத்திவிட்டேன்.

ஏன் நிறுத்தினேன் என்று முப்பது வருஷமாக என்னையே கேட்கிறேன், பின்மூலையை இன்னும் தடவவில்லை, அங்கே புகைக்குழாய் கொதித்தது, கை சுடும், அதெல்லாம் சாக்கு, வண்டி உள்ளே நுழையும்போதே பழைய வகைதான் என்று முடிவு கட்டியிருந்தேன், நினைத்த எண் வந்ததும் விரல் நின்றுவிட்டது, வெளியே டிரைவர் சூசைமாணிக்கம் குந்தியிருக்கிறான், புன்னைக்காயல்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன், குனிந்து பார்த்துச் சிரிக்கிறான், அண்ணாச்சி, என்ன வகை பாக்ஸுன்னு கதவுல ஸ்டிக்கர் ஒட்டிருக்கு, வாசிக்கட்டா என்கிறான், கதவ எந்தச் செத்த வண்டியில இருந்து கழத்தி மாட்டினானோ, அத நம்பச் சொல்லுதியாலே என்கிறேன், அப்படி மாட்டியதைக் கண்ணால் கண்டவன் நான், அப்ப பாக்ஸ் மேலயே ஒரு தகடு இருக்கும்லா, சேத்தத் தொடைங்க என்கிறான், எனக்குப் பாடம் நடத்தாத, போய் டீ குடி என்று விரட்டினேன், நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், தகட்டில் இருப்பதோ இங்கிலீஷ் எழுத்து, துடைத்தால் அவனைத்தான் வாசிக்கச் சொல்ல வேண்டும், எனக்கு வாசிக்க வராது என்பது பட்டறையில் ஒருவனுக்கும் தெரியாது, சேறு இருந்ததே நல்லது என்று நினைத்தேன், பழைய வகை எண்ணெயை நிரம்ப ஊற்றினேன்.

நான்காம் நாள், சூசை வண்டியின் முதுகில் தண்ணீர்த் தொட்டியை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறான், கியர் பிடிக்காமல் நழுவ, பிரேக் மட்டும் எவ்வளவு தூரம் தாங்கும், வண்டி பள்ளத்தில் உருண்டு அவன் வலது காலின் மேல் படுத்துக்கொண்டது, விசாரிக்க வந்தவர்களிடம் எண்ணெய் சரி, அவன்தான் வேகமாக இறக்கினான் என்றேன், எழுதினார்கள், கீழே என் பெயரை நானே போட்டேன், எழுத வருவது அது ஒன்றுதான், அவனை வேலையை விட்டு எடுத்து ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

இப்போது நானும் ஊர் திரும்பிவிட்டேன், ஞாயிறுதோறும் பஸ் ஏறி அவன் வீட்டுக்குப் போகிறேன், நல்லெண்ணெய் சூடுபண்ணி அந்தக் காலில் தேய்த்துவிடுகிறேன், ரிப்பேர்காரர் வந்துட்டாரு, வண்டிய நிப்பாட்டுங்க என்று அவன் பெண்சாதி செலஸ்தீன் கிண்டல் பண்ணுகிறாள், அவள் சிரிக்கச் சிரிக்க நான் இன்னும் அழுத்தித் தேய்ப்பேன், இன்றைக்கு அவள் கோயிலுக்குப் போயிருந்தாள், சொல்லிவிட்டேன், சூசை, அன்னைக்கு நான் முழுசா எண்ணலடே.

தெரியும் அண்ணாச்சி என்கிறான், கால் மாட்டிக் கெடந்தேன்லா, மூஞ்சிக்கு நேரா அந்தத் தகடுதான், உருண்டதுல சேறெல்லாம் உதுந்துட்டு, ஒரு மணி நேரம் வேற என்னத்த வாசிக்க. நீங்க எண்ணெய் ஊத்துன வகை இல்ல.

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன், கடல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுகிறான், சொன்னா தகட்ட ஏன் வாசிக்கலன்னு ஒங்களக் கேட்டிருப்பானுவ, அத்தன பேரு முன்னால என்ன சொல்லியிருப்பீய, ஊர்லேர்ந்து வந்த லெட்டர்லாம் எங்கிட்ட நீட்டி, கண்ணாடி இல்லலே, படி படிம்பீய, ஒரு நாளும் ஒங்ககிட்ட கண்ணாடியப் பாத்ததில்ல.

நான் நம்பவில்லை, இவ்வளவையும் சொல்லிவிட்டு எதையோ கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன், அவன் காலைத்தான் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தி வைத்தான், எண்ணெய் வழிகிற கையால் பிடிக்கிறேன், முழங்காலிலிருந்து கீழே தையல் போட்ட தடங்கள் வரிசையாகப் புடைத்திருக்கின்றன, விரல் தானாக எண்ணுகிறது, சூடாக இருக்கிறது, பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு, விரல் நிற்கப் பார்க்கிறது, நிறுத்தாதீய அண்ணாச்சி, பின்பக்கமும் இருக்கு என்கிறான், கெண்டைக்காலுக்கு அடியில் கையைக் கொண்டுபோகிறேன், பதினெட்டு.