டியூப்புக்குள் இருந்த குரல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் நாங்கள் இரண்டு பேர் முகத்துக்குப் பூசும் கிரீம் விற்றோம். நான் வெளியே நின்றேன். சுபாஷினி டியூப்புக்குள்ளே நின்றாள்.

கிரீம் டியூப் வடிவில் ஆளுயர ஸ்பஞ்ச் உடுப்பு அது. மேலே வெள்ளை மூடி, கண்ணுக்கு நேரே வலைத்துணி தைத்த ஓட்டை. நேர்முகத்துக்கு இருவரும் ஒரே நாள்தான் போனோம். மலையகத்து ஹட்டன்காரியான அவளுக்கு மூன்று மொழியும் தண்ணீர்பட்ட பாடு. எனக்குச் சிங்களத்தில் விலை மட்டும் சொல்ல வரும். எங்கள் சுப்பர்வைசர் கஜீவன் அண்ணா இருவரின் படத்தையும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். ‘வெள்ளைப் பிள்ளை வெளியே, மற்றது டியூப்’ என்று பதில் வந்தது. அவர் அதை எங்களுக்கு வாசிக்கவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போன நேரம் நாங்களே பார்த்துவிட்டோம்.

"அடுத்த மாதம் உன்னை வெளியே போடுறன், தங்கச்சி" என்றார் அவளிடம். அப்படிச் சொல்லி மூன்று மாதம்.

அந்தச் சனிக்கிழமை ஒரு சிங்களப் பெண் கன்னத்துக் கரும்புள்ளியைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டாள். சிரித்தேன். திரும்பவும் கேட்டாள். இன்னும் அழகாகச் சிரித்தேன். அதற்குத்தானே என்னை வைத்திருந்தார்கள்.

அப்போது டியூப் சிங்களத்தில் பேசியது.

அந்தப் பெண் துள்ளிப் பின்வாங்கினாள்; பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தக் கிரீம் புள்ளியைப் போக்காது, வறண்ட தோலுக்குத்தான் நல்லது என்று டியூப் சொன்னதாம். அவள் இரண்டு வாங்கினாள். பின்னேரத்துக்குள் கதைக்கிற டியூப்பைச் சுற்றிக் கூட்டம்.

கஜீவன் அண்ணா வந்து வெறும் பெட்டிகளைப் பார்த்தார். "அருமையான ஐடியா! இனி எல்லாக் கடையிலயும் டியூப் கதைக்க வேணும்."

சுபாஷினி மூடியைக் கழற்றினாள். முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. "டியூப் பேசலண்ணே. நான்தான் பேசினேன். இன்னைக்கி போட்டோவுக்கு நான் நிக்கிறேன்."

ஒவ்வொரு பின்னேரமும் கிரீம் மேசையோடு விற்பவளையும் டியூப்பையும் படமெடுத்து மேலே அனுப்ப வேண்டும். அண்ணா கழுத்தைத் தடவினார். அவருக்கும் அவளுக்கும் ஒரே நிறம்.

"எனக்கு ஒண்டும் இல்லை, தங்கச்சி. மேல இருக்கிறவைதான்... படத்தில டியூப்பும் வேணுமே."

"டியூப்புக்கு நான் இருக்கிறன்" என்றேன்.

சுபாஷினி என்னைப் பார்த்தாள். "மூச்சு முட்டும்டி மயூரி."

"உனக்கு முட்டேல்லையோ?"

"முட்டிச்சு. அதான் சொல்றேன்."

உள்ளே அவளுடைய வியர்வை இன்னும் சுடச்சுட இருந்தது. என் கால்கள் எனக்கே தெரியவில்லை. வலைத்துணி வழியே பார்த்தேன். அவள் சால்வை நுனியால் முகத்தைத் துடைத்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

"பில்டர் ஒண்டு போடட்டோ?" என்றார் அண்ணா மெல்ல.

"வேணாண்ணே. இருக்கிற மாதிரியே எடுங்க."

போனை நீட்டினார். எடுத்தார். அனுப்பினார். "மேல பாத்திட்டினம்" என்றார். பதில் வரவில்லை. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையோடு வந்த இன்னொரு பெண் டியூப்பின் வலைத்துணியருகே குனிந்து சிங்களத்தில் கேட்டாள். பக்கத்திலிருந்து சுபாஷினி பதில் சொன்னாள். அந்தப் பெண் நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.