பாதிப் பேரிக்காய்

குளியலறைக் கதவுக்குப் பின்னால் சின்யான் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தாள்.

“வீ ஸ்ப்ளிட் அப் ஹியர்.” தண்ணீர் நின்றது. “வீ ஸ்ப்ளிட் அப்.”

அவள் கணவன் வெய் ஜியாங்ஹெ பல் துலக்குவதை நிறுத்தினான். பொருள் தெரியவில்லை. ஆனால் அவள் அதை ஒத்திகை பார்த்த விதம் பிடிக்கவில்லை. குகைச் சிற்பம் பார்க்க லோயாங்குக்கு வரும் வெளிநாட்டவருக்கு வழிகாட்டியாகப் போகிறேன் என்றுதான் அவள் ஆங்கில வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடையில் அந்த ஒலியைச் செல்பேசியிடம் சொன்னான். அது சீனத்தில் பதில் சொன்னது: “ஃபென்ஷோ.” ஜோடி பிரிவது.

உடன் வேலை செய்யும் டான் யோங் நிமிர்ந்தான். “யாருடா உன்னைக் கழட்டி விடுறது?”

“ஒரு கஸ்டமர் சொன்ன வார்த்தை.”

“பிரேக் மாத்த வந்தவன் உன்கிட்ட பிரிஞ்சிடலாம்னு சொன்னானா? பாவம், எத்தனை நாள் பழக்கமோ!”

ஜியாங்ஹெ போல்ட்டை முறுக்கினான். அதன்பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. அவள் செல்பேசியைக் கவிழ்த்து வைப்பது. புதுக் காலணி. அவன் பேசும்போது உதடு மட்டும் வேறெதையோ முணுமுணுப்பது.

கேட்கத் தைரியமில்லை. ஒரு பேரிக்காயை வாங்கி வந்து, இரண்டாக வெட்டி, பாதியை அவளிடம் நீட்டினான். பேரிக்காயைப் பங்கிடுவதும் பிரிந்துபோவதும் சீனத்தில் ஒரே ஒலி. சேர்ந்து வாழ நினைக்கும் யாரும் அந்தப் பாதியைத் தொட மாட்டார்கள். ‘பைத்தியமா உனக்கு?’ என்று அவள் கையைத் தட்டிவிடுவாள் என எதிர்பார்த்தான்.

அவள் பாதியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். வாங்கித் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்தொடர்ந்து வகுப்புக்குப் போய்க் கண்ணாடிக் கதவருகே நின்றான். ஆசிரியை கைதட்டினாள். “ஸ்ப்ளிட் அப்!” நாற்காலிகள் கிறீச்சிட்டன. எல்லோரும் நாலைந்து பேராகப் பிரிந்து மூலைக்கு மூலை போனார்கள்.

“கூட்டம் கலைஞ்சா பிரேக் அப். செருப்பு பிஞ்சு போனா ஃபால் அபார்ட். டூரிஸ்டுகளை ரெண்டு குழுவாக்கணும்னா ஸ்ப்ளிட் அப். நமக்கு முக்கால்வாசிக்கு ஒரே ‘ஃபென்’ போதும், அவங்களுக்குப் போதாது.”

“டீச்சர், புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சா?” என்றார் ஒரு வழுக்கைத் தலையர்.

“அதுவும் ஸ்ப்ளிட் அப்தான். தேனிலவுக்கு வந்தவங்ககிட்ட பாத்துச் சொல்லுங்க!”

வகுப்பே சிரித்தது. சின்யான் சிரிக்கவில்லை. ஜியாங்ஹெவுக்கு வந்த நிம்மதி பாதியிலேயே நின்றது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தவள் அவனைக் கண்டு நின்றாள். “லாவ் வெய்?” என்று வழக்கம்போல் அழைத்தாள். “இங்க என்ன பண்றே?”

“குளிக்கும்போது சொல்லிட்டிருந்தியே, அது டூரிஸ்டுகளுக்கா?”

“பின்ன உனக்கா?”

“அப்ப ஏன் பேரிக்காயைத் தின்னே?”

அவள் முகம் மாறியது. “நீதானே வெட்டிக் குடுத்தே? வாயைத் திறந்து சொல்லத் துப்பில்லாம பழத்தை வெட்டிச் சொல்றான்னு நினைச்சேன். உன்கிட்ட கெஞ்சக் கூடாதுன்னு முழுங்கினேன். இன்னும் தொண்டையிலயே நிக்குது.”

“சும்மா... சோதிச்சுப் பாத்தேன்.”

“சோதிச்சியா?”

இப்போது அவள் பார்வையில் சந்தேகம் இருந்தது. இத்தனை நாள் அவனிடம் இருந்த அதே சந்தேகம். தெருமுனைத் தள்ளுவண்டியில் ஒரே ஒரு பேரிக்காய் வாங்கினாள்.

“வெட்டித் தரவா?” என்றாள் வண்டிக்காரி.

“வேண்டாம்!” இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

சின்யான் முழுப் பழத்தையும் நடந்துகொண்டே தின்றாள். அவனுக்கு ஒரு கடிகூடத் தரவில்லை. கடைசியில் மிஞ்சிய விதைப்பகுதியை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இன்னொரு தடவை என்கிட்ட கத்தியெடுத்துச் சோதிச்சே, ஸ்ப்ளிட் அப்.”

இதற்கு அவனுக்குச் செல்பேசி தேவைப்படவில்லை. விதைப்பகுதியைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைத்தொட்டி தேடியபடி அவள் பின்னால் நடந்தான்.